லாபம், ரெண்டு, மூணு

தூத்துக்குடிக் கடலில் அலை கிடையாது. எட்டு வயதில் முதன்முதலாக அதன் முன்னால் போய் நின்றபோது ஏமாற்றத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கு முந்தின வருஷம் தம்பிக்கு முடியிறக்கத் திருச்செந்தூர் போயிருந்தோம். அங்கே கடல் ஆளை உருட்டித் தள்ளியது. பாவாடைக்குள் மணலை அள்ளிப் போட்டது. அம்மாவின் ஒற்றைக் கொலுசைக் கொண்டுபோய்விட்டது. கடல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுக்கக் கதை சொல்லி வைத்திருந்தேன். கரிசக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கண்மாய்தான் பெரிய தண்ணீர். அதுவும் பாதி வருஷம் வெடித்துக் கிடக்கும். அதனால் என் கதைக்கு நல்ல மரியாதை இருந்தது.

1983 மே மாத லீவுக்கு என்னைப் பெரியம்மா வீட்டில் விடுவதாக முடிவானதும், இரண்டாவது கடலையும் பார்க்கப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எட்டயபுரம், குறுக்குச்சாலை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காற்றின் ருசி மாறியது. ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. கரையில் கும்பாரம் கும்பாரமாக வெள்ளை உப்பு. சில கும்பாரங்களுக்குப் பனையோலை மூடியிருந்தார்கள். வீடு என்று நினைத்துவிட்டேன். "அதுக்குள்ள யாரும்மா இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அன்று சாயங்காலமே பெரியப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ரோச் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். தெற்கு பீச் ரோட்டில், கடலை ஒட்டியே இருக்கிற பூங்கா. ஊஞ்சல், சறுக்கு மரம், சிமெண்டு பெஞ்சுகள். அவற்றுக்கு அந்தப் பக்கம் கடல். அசையாமல் கிடந்தது. காற்றுக்குக் கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். கரையில் வந்து தொட்டுவிட்டுப் போன தண்ணீருக்குச் சத்தம்கூட இல்லை.

"இது கம்மாய்லா பெரியப்பா?"

"கம்மாய்ல கப்பல் நிக்குமாட்டி?"

அவர் காட்டிய திசையில், வெகு தூரத்தில், தீப்பெட்டிக்கு ஒரு முனையில் குச்சியை நட்டு வைத்தாற்போல ஏதோ தெரிந்தது. எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவனித்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்த அத்தனை பேரும் கடலைப் பார்த்து இருக்க, இவர் மட்டும் ஏன் இப்படித் திரும்பி உட்காருகிறார்?

காரணம் மறுநாள் விளங்கியது. கடல் அவருக்கு ஆபீஸ்.

பெரியப்பா ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டாலி கிளார்க். பழைய துறைமுகத்தில் தோணிகளில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் எண்ணி எழுதுவது வேலை. இருபது வயதில் சேர்ந்து நாற்பது வருஷம் அதையே செய்தார். பெரியம்மா அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கிற தூக்குவாளியோடு காலையில் கிளம்புவார். பிள்ளையில்லாத வீடு. லீவுக்கு வந்த பிள்ளை கூடவே வருவேன் என்று அடம்பிடித்தால் மறுக்கத் தெரியாது. கேட்டில் இருந்த காவல்காரரிடம், "மச்சினி மவ. சும்மா இருப்பா" என்றார். நான் சும்மா இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வெங்காயம், வத்தல், கருவாடு, தார், டீசல், எல்லாவற்றுக்கும் அடியில் உப்பு. அந்த வாசனையை இப்போது எங்கே முகர்ந்தாலும் எனக்கு வயது எட்டாகிவிடும். ஜெட்டியை ஒட்டி வரிசையாகத் தோணிகள். எண்பது தொண்ணூறு அடி நீளம், இருநூறு முந்நூறு டன் சரக்கு ஏற்றுகிற மரக்கப்பல்கள். தோணி என்றதும் ஆற்றுப் படகு என்று நினைக்கிறவர்களிடம் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். முகப்பை அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம் என்பார்கள். நடுவில் திறந்த பள்ளம். அதற்குள் கிட்டங்கி ஒன்றையே கவிழ்த்துவிடலாம் போல இருக்கும். பாய்மரத்தின் உச்சியைப் பார்க்கக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்தால் வானம் சுற்றும்.

கரைக்கும் தோணிக்கும் குறுக்கே பலகை. அதன்மேல் லோடுமேன்கள் தலையில் மூட்டையோடு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். பலகை தொய்ந்து எழும்புகிற தாளத்துக்கு அவர்கள் கால் தானாகப் பழகியிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கறுப்புக் குடைக்குக் கீழே, நீள நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு பெரியப்பா எண்ணுவார்.

"லாபம்… ரெண்டு… மூணு… நாலு…"

ஒன்று என்று சொல்லமாட்டார். களத்துமேட்டில் நெல் அளக்கிறவர்களும் அப்படித்தான், முதல் மரக்காலுக்கு லாபம் என்பார்கள். தலையிலேயே 'ஒண்ணு' என்று ஒற்றையாகத் தொடங்கக்கூடாதாம். பத்தாவது மூட்டைக்கு ஒரு கோடு. மறுபடியும் லாபம். ஒரு பகலில் நானூறு ஐந்நூறு மூட்டை போகும்; நாற்பது ஐம்பது லாபம் சொல்லியிருப்பார். சம்பளம் மட்டும் கடைசிவரை பெரிதாக ஏறவில்லை.

டாலி கிளார்க் ஒருவர் போதாது. சரக்கு அனுப்புகிறவர் பக்கம் ஓர் ஆள், தோணிப் பக்கம் ஓர் ஆள். இருவரும் தனித்தனியே எண்ணவேண்டும், சாயங்காலம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவேண்டும். ஒரு மூட்டை இடித்தாலும் சண்டை. நான் மூன்றாவது கிளார்க்காக என்னை நானே நியமித்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது. என்னுடைய நோட்டு புளியங்கொட்டை: பத்து மூட்டைக்கு ஒரு கொட்டை, பாவாடை மடிப்பில். ஒருநாள் கொழும்புக்கு வெங்காயம் ஏறியது. கடைசியில் பெரியப்பா கணக்குக்கும் தோணிக்காரர் கணக்குக்கும் ஒன்று இடித்தது. பேச்சு தடித்தது. தீர்ப்புச் சொல்ல இதுதான் சமயம் என்று நான் மடிப்பை அவிழ்த்துக் கொட்டைகளை எண்ணிக் காட்டினேன். அது முற்றிலும் வேறொரு எண்ணாக இருந்தது, இருவருக்கும் முப்பது மூட்டை தள்ளி. நடுவில் ஐஸ்காரனைப் பார்க்கப் போனதை நான் சொல்லவில்லை. தோணித் தண்டல் அணியத்திலிருந்து உரக்கச் சிரித்தார். "மூணு கணக்கு ஆயிட்டு. கொழும்புல போய் எண்ணிக்கிடுவோம், வுடுங்க அண்ணாச்சி."

தண்டல் என்பவர்தான் தோணியின் தலைவர். அந்தத் தண்டலுக்கு அப்போதே அறுபது இருக்கும். காற்றுகளை உறவுக்காரர்களைப் போலப் பேசுவார். வாடை ஒருவிதம், கொண்டல் ஒருவிதம். கச்சான் வந்தால் தகராறு. சோளகம் நிலைத்துவிட்டால் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் பிள்ளைக்குக் காது குத்தலாம். வெறும் பாயை மட்டும் நம்பி ஓடிய காலத்தில், காற்று விழுந்து நடுக்கடலில் அசையாமல் கிடந்ததைச் சொல்வார். எஞ்சின் வைத்த தோணிகளைப் பற்றி அவருக்கு மரியாதை இல்லை. "அது தோணியா? லாரி."

அவரிடம்தான் அலை இல்லாததன் ரகசியத்தைக் கேட்டேன். தண்டல் விரலால் கடலில் கோடு போட்டுக் காட்டினார். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் வரிசையாகத் தீவு. மொத்தம் இருபத்தொன்று. ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளப் பார். அதற்கும் அப்பால் இலங்கை. பெருங்கடலிலிருந்து வருகிற அலை இதிலெல்லாம் மோதி, அங்கேயே செத்து, தண்ணீராக மட்டும் நம்மிடம் வந்து சேருகிறது. "அலை இருந்தா இங்க பலகை போட முடியுமா, தாயி? பலகை போட முடியலன்னா உங்க பெரியப்பா என்னத்த எண்ணுவாரு?"

அலை அடங்கிய கடல், ஆழமும் இல்லாத கடல். பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். நான் தீப்பெட்டி என்று நினைத்தது அப்படி நின்றதுதான். இங்கிருந்து தோணி போய்ச் சரக்கை வாங்கிக்கொண்டு வரவேண்டும், கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். 1876இல் ரயில் வந்த பிறகும் பஞ்சும் உப்பும் தேயிலையும் இந்தத் தோணிகளின் முதுகில்தான் கடலுக்கும் கரைக்குமாக நகர்ந்தன. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிற ரயில் பயணிகளும் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். பிறகு கூட்டம் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது.

வ.உ.சி.யின் கப்பல்களும் இந்த ஆழமில்லாத கடலுக்குத்தான் வந்தன. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் அதைப் படித்துவிட்டுப் பெரியப்பாவிடம் வந்து ஒப்பித்தேன். அவர் தலைக்கு மேலிருந்த தன் குடையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது காசு குடுத்து வாங்குனது" என்றார். 1908இல் வ.உ.சி.யைச் சிறையில் போட்ட பிறகு கம்பெனி நொடித்து, காலியாவை அந்தப் போட்டிக் கம்பெனியே வாங்கிக்கொண்டது. இன்றைக்குப் பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர். ஆங்கிலத்தில் சுருக்கினால் வி.ஓ.சி. நூறு வருஷத்துக்கு மேல் இந்த ஊரை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கெழுத்தும் அதே வி.ஓ.சி.தான். 1750இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோயில் பீச் ரோட்டில் இன்னும் நிற்கிறது. எந்த வி.ஓ.சி. இந்த ஊரில் கடைசியாக நிலைத்தது என்று அந்த டச்சுக்காரர்களை எழுப்பிச் சொல்ல எனக்கு ஆசை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா கண்ணயர்வார். நான் தோணி கட்டுகிற இடத்துக்கு நழுவிவிடுவேன். கடல் மணலில் முட்டுக் கொடுத்து நிற்கிற பாதித் தோணி, செத்துப்போன பெரிய மீனின் விலாவைப் போல இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திரித்து உளியால் அடித்து இறுக்குவார்கள். அதற்குக் கலப்பற்று என்று பெயர். டொக், டொக் என்று சத்தம் ஒரே சீராக வரும். பஞ்சு சரியாக இறங்கிவிட்டால் சத்தம் மாறுமாம். அந்த மாற்றம் கேட்டால்தான் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். நான் எத்தனையோ நாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. வெளியே மீனெண்ணெய் பூசுவார்கள். அந்த நாற்றத்தோடு வீட்டுக்குப் போனால் பெரியம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். "இந்த ஊர்ல மனுசன் தவிர எல்லாத்துலயும் துரு ஏறுது, மனுசன் மேல மீனெண்ணெ ஏறுது" என்பாள்.

அந்த 1983 ஜூலையில், தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. அடுத்த மே மாதம் நான் போனபோது துறைமுகத்தில் பேச்சே மாறியிருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த தூத்துக்குடிக்காரர்களைப் பற்றி, யார் வந்துவிட்டார்கள், யார் வரவில்லை, யார் கடை என்ன ஆனது என்று ஆளாளுக்குத் தணிந்த குரலில் பேசினார்கள். அந்தப் பேச்சின்போது பெரியப்பா எண்ணுகிற குரலும் தணிந்துவிடும். அதற்குப் பிறகு நான் போன வருஷங்களில் கொழும்பு என்று சுண்ணாம்பால் எழுதிய மூட்டைகளைவிட மாலே என்று எழுதியவற்றையே அதிகம் பார்த்தேன். மாலத்தீவில் ஒன்றும் விளையாதாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், செங்கல், சிமெண்டு என்று எல்லாமே தோணியில் போகும். ஒரு தேசத்துக்கே வீடு கட்டச் செங்கல் நாம்தான் அனுப்புகிறோம் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. லோடுமேன்களுக்குச் செங்கல் பிடிக்காது.

1988இல் நான் பெரிய மனுஷியானேன். சடங்கு கழிந்து மே மாதம் தூத்துக்குடிக்கு வந்தேன். காலையில் தூக்குவாளி கிளம்பும்போது நானும் செருப்பை மாட்டினேன். பெரியம்மா அடுக்களையிலிருந்தே, "எங்க போற?" என்றாள். பெரியப்பாவைப் பார்த்தேன். சைக்கிள் சங்கிலியில் ஏதோ சரியில்லாதது போலக் குனிந்துவிட்டார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். "சாயங்காலம் பார்க்குக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். சைக்கிளின் முன்கம்பியில் நான் உட்கார்ந்தது முந்தைய வருஷத்தோடு சரி.

அப்படித்தான் துறைமுகம் எனக்கு மூடியது. யாரும் கத்தவில்லை, யாரும் தடுக்கவில்லை. கேட்டில் இருந்த காவல்காரருக்குக்கூட அது தெரிந்திருக்காது.

எனக்கு மிஞ்சியது பூங்கா. பெண்பிள்ளைகள் கடலைப் பார்க்க ஊர் ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. நானும் பெரியம்மாவும் ஐந்து மணிக்குப் போவோம். வேண்டுமென்றே கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன், பெரியப்பாவைப் போல. ரோட்டைப் பார்த்தால் புதுசாகக் கல்யாணமானவர்கள், மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருகிற குடும்பங்கள், டிரான்சிஸ்டரைக் காதில் அணைத்துக்கொண்ட கிழவர்கள். மாங்காய்ப் பத்தையில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற ஒரு பையன் எங்களிடம் வந்தால் நகரமாட்டான். பெரியம்மா பேரம் பேசுவது அவனுக்குப் பிடித்திருந்தது. சில நாள் மக்ரூன் வாங்கிக்கொண்டு போவோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும். வாயில் வைத்தால் இருந்த இடம் தெரியாது. அதுவும் கடல் வழியாக வந்த பண்டம்தான் என்று யாரோ சொன்னபோது, அதையும் எண்ணித்தான் இறக்கியிருப்பார்கள் என்று பட்டது.

கோபம் நான்கைந்து நாளுக்குமேல் தாங்கவில்லை. திரும்பி உட்கார்ந்தேன். பாய்மர நுனிகள் மட்டும் ஒரு பக்கம் கூட்டமாகத் தெரிந்தன. கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்: இந்நேரம் கணக்கு ஒத்துப்பார்ப்பார்கள், இந்நேரம் பலகையை இழுப்பார்கள். முயல் தீவு வெளிச்சவீடு எரியத் தொடங்கும். பெரியம்மாவுக்கு அந்த வெளிச்சம்தான் வீட்டுக்குக் கிளம்புகிற மணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துறைமுகத்துக்குள் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பதை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "அங்க எனக்கு என்ன வேல?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு அங்க என்னட்டி தெரிஞ்சுது?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, வெளிச்சவீடு எரிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பலகை தொய்கிற இடத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

பெரியம்மா வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய வாடகை வீடு. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே இருந்த கல் வெள்ளையாகத் தெரியும். முருகைக்கல். அதன்மேல் பூ மாதிரியும் தேன்கூடு மாதிரியும் மூளை மாதிரியும் வடிவங்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மே மாதம் முழுவதும் அந்தக் கோடுகளுக்குள் முகம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அது செத்த பவளம் என்பதும், தீவுகளைச் சுற்றியிருந்த பாரிலிருந்து பெயர்த்துத் தோணியில் கொண்டுவந்தது என்பதும், சுவருக்கும் சுண்ணாம்புக்கும் தலைமுறை தலைமுறையாக அதுதான் போனது என்பதும் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. தண்டல் விரலால் கோடு போட்ட தீவுகளில் ஒன்றான விலங்குசல்லி கடலுக்குள் மூழ்கியே போய்விட்டது. வான்தீவு கரைந்துகொண்டு வந்தது. அதைக் காப்பாற்ற இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். அலையை மறித்து நின்ற சுவரைப் பெயர்த்து வந்து வீட்டுக்குச் சுவர் வைத்திருக்கிறோம். நான் அதில் முகம் பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பரில் சுனாமிச் செய்தி வந்த அன்று நான் சென்னையிலிருந்து பத்துமுறை போன் அடித்தேன். பதினொன்றாவது முறை பெரியப்பா எடுத்தார். அந்தப் பக்கம் பெரிய சேதம் இல்லை. "எங்களுக்கு முன்னால இலங்கை நிக்குல்லா" என்றார். பிறகு குரல் கம்மிவிட்டது. "அடியெல்லாம் அது வாங்கிட்டு."

இலங்கையை அவர் பார்த்ததில்லை. கொழும்புக்குப் போன மூட்டைகள் எத்தனை லட்சம் அவர் வாயால் பெயர் பெற்றனவோ, அவர் போனதில்லை. தோணியிலேயேகூட மூட்டையை எண்ண ஏறியிருக்கிறாரே தவிர ஒருநாள் ஓடியதில்லை. "தலை சுத்தும்" என்பார். ரிடையரானபின் திடீரென்று ஆசை வந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள், ஸ்காட்டியா பிரின்ஸ் என்று. ஏறத்தாழ நூற்றைம்பது கடல் மைல். சாயங்காலம் ஏறினால் காலையில் கொழும்பு. எழுபத்து மூன்று வயதில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். போட்டோவில் சிரிக்கக்கூடாது என்று சொன்னதற்கு, "எப்ப சிரிச்சேன்?" என்றார். பாஸ்போர்ட் வந்தது. ஆடி முடியட்டும் என்றார். பெரியம்மாவுக்கு மூட்டுவலி குறையட்டும் என்றார். தீபாவளி கழியட்டும் என்றார். அந்த நவம்பரில் கப்பல் நின்றுபோனது. பாஸ்போர்ட்டைப் பத்து வருஷத்துக்குக் கொடுத்திருந்தார்கள். பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் அது அப்படியே, ஒரு முத்திரையும் விழாமல் இருந்தது.

"எத்தன மூட்ட அனுப்புனேன். நான் ஒரு மூட்டையாவாவது போயிருக்கலாம்" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

2019 ஜனவரியில், பொங்கல் கழிந்து நான் போனேன். பெரியம்மா போய் மூன்று வருஷமாகிவிட்டது. பெரியப்பாவுக்கு எண்பத்தொன்று, ஒரு கண்ணில் புரை. பகலில் தனியாகப் பழைய துறைமுகத்துக் கேட் வரைக்கும் போய்ப் பார்த்தேன். தோணிகள் இன்னும் இருந்தன. எண்ணிக்கையில் குறைச்சல், எல்லாம் எஞ்சின் வைத்தவை, தண்டலுடைய மொழியில் லாரிகள். பெரிய சரக்கெல்லாம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவித்த புதுத் துறைமுகத்துக்குப் போய் வெகுகாலமாயிற்று. அங்கே கடலுக்குள் ஏறத்தாழ நான்கு நான்கு கிலோமீட்டருக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர் நீட்டி, கப்பலையே கரைக்கு வரவைத்துவிட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தூக்கி வைக்கிற இடத்தில் மூட்டை எண்ண ஆள் எதற்கு? கேட்டில் இருந்த இளைஞர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரப் பாக்கணும் மேடம்?" என்றார். யாரை என்று சொல்வது? நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் வெளியே நின்றேன். ஆனால் வெங்காய வாசனை கேட்டைத் தாண்டி வந்தது.

சாயங்காலம் பெரியப்பாவை ஆட்டோவில் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். எந்தப் பெஞ்ச் என்று கேட்டதற்கு, தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினார். கடலைப் பார்த்து உட்கார்ந்தார். நான் ஆச்சரியப்பட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பூங்கா மாறியிருந்தது, புதுத் தரை, புது விளக்கு, பிள்ளைகள் ஏறி விளையாட நெகிழிச் சறுக்கு. கடல் மாறவில்லை. என் மகள் வரும்போது சொல்லியனுப்பியிருந்தாள், அலையை வீடியோ எடுத்துக்கொண்டு வா என்று. மொபைலை நீட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். அனுப்பியதற்கு, "ஃபோட்டோவா?" என்று பதில் வந்தது.

இருட்டியது. கொசு வந்தது. இந்த ஊரில் விசைப்படகுகள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்பிவிடவேண்டும் என்று அப்போது விதி இருந்தது. இரவு தங்கலுக்கு அனுமதி இருக்கவில்லை. மீன்பிடித் துறைமுகம் பக்கந்தான். ஏழு மணிவாக்கில் கடலில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் முளைத்தது. பெரியப்பா நல்ல கண்ணை இடுக்கிக்கொண்டார். உதடு அசைந்தது.

"லாபம்…"

நான் சும்மா இருந்தேன்.

"ரெண்டு… மூணு…"

பத்துக்கு ஒரு விரலை மடக்கினார். மடக்கிய விரல்களை முழங்கால்மேல் வைத்து, இன்னொரு கையால் பொத்திக்கொண்டார், நோட்டு காற்றில் புரளாமல் பிடிப்பதைப் போல. வெளிச்சங்கள் ஒன்றையொன்று கடக்கும்போது எனக்குக் குழம்பியது, அவருக்குக் குழம்பவில்லை. அல்லது அவரும் குழம்பி, பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தாரோ என்னவோ. என்னிடம் புளியங்கொட்டை இல்லை.

எட்டு மணிக்குக் காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்தார். பிள்ளைகளைச் சறுக்கிலிருந்து இறக்கினார், ஜோடிகளை எழுப்பினார், கடைசியில் எங்கள் பெஞ்சுக்கு வந்தார். பெரியப்பாவைத் தெரிந்தவர் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"பூட்டணும் அண்ணாச்சி."

"இன்னும் ரெண்டு வரணும்" என்றார் பெரியப்பா, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வரும், வரும். நேத்தும் இதையேதான் சொன்னீங்க. எந்திரிங்க."